எல்லைக்காரர் பேசிய ஞாயிறுகள்

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து கதை விளையாடுவோம். வடவள்ளியில் எங்கள் குடியிருப்புக்காரர்கள் முதலில் நாங்கள் சீட்டாடுகிறோம் என்று நினைத்தார்கள். சீட்டும் இல்லை, பந்தயமும் இல்லை, கடைசியில் ஜெயிப்பவர் என்று யாரும் இல்லை என்று தெரிந்ததும் அவர்களுக்கு எங்கள் மேலிருந்த ஆர்வம் போய்விட்டது.

விளையாட்டு எளிமையானது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "முன்னால் ஒரு குகை. உள்ளேயிருந்து ஈரக்காற்று வருகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். மற்றவர்கள் அந்தந்தப் பாத்திரமாகவே பதில் சொல்ல வேண்டும். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். வெளிநாட்டில் இதற்குத் தலையணை மாதிரி புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் வரும் பனிக்கோட்டைகளும் பறக்கும் பல்லிகளும் எனக்கு ஒட்டவில்லை. அதனால் விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு உலகத்தை நானே கட்டினேன். வார நாட்களில் பம்ப் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது என் வேலை. உருப்படியான எதையும் வரையாமல் இருக்கக் கிடைத்த ஒரே நேரம் அந்த ஞாயிறுதான்.

என் உலகத்தில் மலைக்கு அப்பால் ஏழு வெளிகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. முதல் வெளியில் எதற்கும் நிழல் கிடையாது. இரண்டாவதில் நாம் பேசுவதற்கு முன்பே எதிரொலி கேட்டுவிடும். மூன்றாவதில் கிணறுகள் வானத்திலிருந்து தலைகீழாகத் தொங்கும். ஒவ்வொரு வெளியின் எல்லையிலும் ஒரு காவல் தெய்வம் நிற்கும். எல்லைக்காரர் என்று பெயர் வைத்திருந்தேன். தாண்ட வருகிறவரிடம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதில் பிடித்திருந்தால் விடுவார். அவருக்காக நான் குரலைத் தாழ்த்தி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசுவேன்.

இன்னொரு விதியும் இருந்தது. புத்தி எண். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தொடக்கத்தில் நிறையப் புத்தி இருக்கும். விபரீதமான எதையாவது பார்க்கும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும், விழுவதைப் பொறுத்துப் புத்தி குறையும். ரொம்பக் குறைந்தால் பாத்திரத்துக்குப் பைத்தியம் பிடிக்கும். அதை நான் வேடிக்கையாகத்தான் வைத்திருந்தேன். ஒருமுறை பாயின் பாத்திரத்துக்குப் பைத்தியம் பிடித்து, அவர் அன்று மாலை முழுக்க ஆடு மாதிரிதான் பேச வேண்டியிருந்தது. சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்துவிட்டது.

பாய் என்று சொன்னேனே, அவர் கோட்டைமேட்டுக்காரர். தாத்தா காலத்திலிருந்தே பூட்டு, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடை. எங்களில் மூத்தவர், தாடியில் பாதி நரை. எங்கள் சமையலறைக் கதவுக்குக் கீல் வாங்கப் போனபோது பழக்கமானவர். மூன்றாவது ஆள் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த தோழி, பல் டாக்டர். நான்காவது ஆளை நாங்கள் எல்லோரும் தம்பி என்றே கூப்பிட்டோம். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும் வைத்த குடும்பம். முப்பது வயது. என் அலுவலகத்தில் வேறு பிரிவில் வேலை. பக்கத்துத் தெருவில் தனியாக வீடெடுத்திருந்தான். எங்களில் மிக நன்றாக விளையாடுகிறவன் அவன்தான். அவனுடைய பாத்திரம் குதிரையைத் தொலைத்த ஒரு எல்லை வீரன். பயந்து போனவர்களை வழித்துணையாகக் கூட்டிக்கொண்டு போவது அந்த வீரனின் தொழில்.

எல்லைக்காரருக்கு உருவம் கொடுத்ததும் பாதி அவன்தான். அவர்கள் குடும்பத்துக்கு வயலோரத்தில் ஒரு கருப்பராயன் கோயில் உண்டு. கூரை கிடையாது, கூரை போட்டால் அவருக்கு ஆகாது. சுற்றிலும் நட்டு வைத்த வேல்கள், மண் குதிரைகள், எலுமிச்சம்பழம் குத்திய அரிவாள். இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல நான் என் கதையில் சேர்த்துக்கொண்டேன். அவனுக்கு அதில் பெருமைதான்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒரு ஞாயிறு. அவர்கள் மூவரும் நான்காம் வெளியின் எல்லைக்கு வந்திருந்தார்கள். எல்லைக்காரர் தோன்றும் முன் புத்திக்குப் பகடை உருட்ட வேண்டும். பாய் உருட்டினார், பல் டாக்டர் உருட்டினாள். தம்பி பகடையை எடுத்து, பார்த்துவிட்டு, மெதுவாக மேசையில் வைத்தான்.

"உருட்டு கண்ணு," என்றேன்.

"வேண்டாங்கக்கா. அவரு சொல்லிப்போட்டாருங்க."

"யாரு?"

"எல்லைக்காரருங்க. நீ உருட்ட வேண்டாம், உன்னைத் தெரியும்னு சொன்னாரு."

அன்று நான் இன்னும் எல்லைக்காரரைப் பேச வைக்கவில்லை. ஆனால் அவன் அதைச் சொன்ன விதம் அப்படி இருந்தது. கண்கள் என் தோளுக்கு மேலே எங்கோ ஊன்றியிருந்தன, குரலில் அத்தனை மரியாதை. பாய் கை தட்டினார். "என்னமா நடிக்கறாப்ல பாருங்க!" என்றார். நாங்கள் எல்லோரும் தட்டினோம். தம்பி சிரிக்கவில்லை. எதற்குத் தட்டுகிறோம் என்று புரியாதவன் போல ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

அதற்குப் பிறகு வேலை நேரத்தில் அவனிடமிருந்து செய்திகள் வர ஆரம்பித்தன. "அக்கா, இன்னைக்கு அவரு ஏன் பேசலை?" என்று ஒன்று. "ஆறாவது வெளியில் நிற்கிற வெள்ளைக் குதிரை யாருடையது?" என்று இன்னொன்று. ஆறாவது வெளியை நான் அப்போது எழுதக்கூட இல்லை. கதையில் அவ்வளவு ஈடுபாடு என்று நினைத்து, "பொறு, வரும்" என்று பதில் போட்டேன். அலுவலக உணவகத்தில் பார்த்தபோது தட்டில் வெறும் சோறும் தயிரும். மெலிந்திருந்தான். கேட்டதற்கு, சட்டை பெரிசுங்க என்றான்.

அடுத்த வாரம் விளையாட்டுக்கு நடுவே பல் டாக்டர் என்னைச் சமையலறைக்கு வரச் சொன்னாள். டீ போட வந்தது மாதிரி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"அவன் உதட்டைப் பாத்தியா? வெடிச்சுக் கெடக்குது. ஈறு வீங்கிருக்குது. என்னடான்னு கேட்டா, உப்புப் போட்டுத் தின்னா காது அடைச்சுக்குமாம், அவரு பேசறது கேக்காதாம்."

"பாத்திரமாச் சொல்றானா இருக்கும்."

"எங்கிட்டச் சொன்னது வாசல்ல செருப்பக் கழட்டும்போது. அப்ப நாம ஆரம்பிக்கவே இல்ல. இது நடிப்பு இல்லடி."

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. கூடத்தில் பாய் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். தம்பியின் குரலும் கேட்டது, ஆனால் அது பாய்க்குச் சொன்ன பதிலாக இல்லை. மெதுவாக, இடைவெளி விட்டு விட்டு, எதையோ ஒப்புக்கொள்வது போல "சரிங்க... சரிங்க..." என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று தலைவலி என்று சொல்லி ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினேன். அவன் போன பிறகு மூன்று பேரும் பேசினோம். பல் டாக்டர் தனக்குத் தெரிந்த மனநல மருத்துவர் ஒருவரை அழைத்து விவரம் சொன்னாள். முடிந்த அளவு சீக்கிரம் கூட்டிவாருங்கள், தனியாக விடாதீர்கள் என்று பதில் வந்தது. அவனுடைய அக்கா பெருந்துறையில் கட்டிக்கொடுக்கப்பட்டவர். அவர் எண் என்னிடம் இல்லை. அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பேசினேன். "எந்தம்பிக்கா? போன மாசம்கூட நல்லாத்தானுங்க பேசுனான்," என்றார். நம்பவில்லை. இருந்தாலும் அந்த வாரக் கடைசியில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். வீட்டார் இல்லாமல் அவன் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டான் என்று அதுவரை காத்திருந்தோம். பாய் தினமும் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தார். தான் போனால் தம்பி கதவைத் திறக்கிறான், டீ போடுகிறான், ஆனால் நாற்காலிகளையெல்லாம் மலை இருக்கும் மேற்குப் பார்த்தே திருப்பி வைத்திருக்கிறான் என்றார்.

அந்த ஞாயிறு வந்தது. விளையாட்டு கிடையாது, அவனை உட்கார வைத்துப் பேசி, அக்காவும் அப்பாவும் வந்ததும் எல்லோருமாகக் கூட்டிக்கொண்டு போவது என்று ஏற்பாடு. கணவரும் மகளும் வெளியே போயிருந்தார்கள். மேசையில் பகடையும் இல்லை, தாளும் இல்லை. பாய் வாங்கி வந்த வர்க்கி பிஸ்கட் ஒரு தட்டில் இருந்தது.

தம்பி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தான். தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு, துவைத்து மடித்த வேட்டி. ஒரு விசேஷத்துக்குக் கிளம்பியவன் மாதிரி இருந்தான். உட்காரவில்லை.

"ஏனுங்கக்கா, எல்லாம் எடுத்து வெச்சுப்போட்டீங்க?"

"இன்னைக்கு வெளையாட்டு இல்ல கண்ணு. சும்மா பேசலாம். உக்காரு."

"உக்கார நேரமில்லீங்க. பஸ்ஸுக்குப் போகோணும். பவானிக்கு." ரகசியம் சொல்வது போல முன்னால் குனிந்தான். "கூடுதுறையில ரெண்டு ஆறும் சேர்ற எடத்துல, தண்ணிக்கு அடியிலதான் ஏழாவது வெளிக்கு வாசலுங்க. இன்னைக்கு வரச் சொல்லிட்டாரு. ஆனா எல்லையில கேக்கற கேள்விய நீங்கதானுங்களே கேப்பீங்க. கேளுங்கக்கா. பதிலச் சொல்லிப்போட்டுக் கெளம்பறேன்."

மழைக்காலம். ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது என்று அன்று காலைதான் செய்தியில் பார்த்திருந்தேன். பல் டாக்டர் எழுந்து வாசல் பக்கமாகப் போய், கைப்பேசியைப் பார்ப்பவள் போலக் கதவில் சாய்ந்து நின்றாள். பாய் என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்.

"நீங்களே அவரா இருந்து சொல்லிருங்க அம்மணி. போகக் கூடாதுன்னு சொல்லுங்க. உங்க பேச்சக் கேப்பான்."

பல் டாக்டர் வாசலிலிருந்து வேண்டாம் என்று தலையாட்டினாள். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. தம்பி கை கட்டி என் முன்னால் நின்றுகொண்டிருந்தான். கடைசியில் குரலைத் தாழ்த்தினேன். வழக்கமாகப் பேசுவது போலவே, இடைவெளி விட்டு, "திரும்பிப் போ. உனக்கு இங்கே வழி இல்லை," என்றேன்.

அவன் என்னைப் பார்த்துப் பரிவோடு சிரித்தான். குழந்தை பொய் சொல்லும்போது பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படி.

"இது நீங்க பேசறதுங்கக்கா. அவரு உங்களுக்குப் பின்னால நின்னு சிரிக்கறாரு."

திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பாய் திரும்பிப் பார்த்துவிட்டார். எனக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டிதான் இருந்தது. அதன் கதவில் என் மகள் வரைந்த மீன் படம் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் என்று தெரிந்தும், அந்தச் சில கணங்கள் என் வீட்டுக் கூடத்தில் ஐந்தாவதாக ஒருவர் நிற்கிறார் என்றே என் உடம்பு நம்பியது. தம்பிக்கு அது சில கணங்கள் இல்லை, வாரக்கணக்கு. அதை அப்போதுதான் உணர்ந்தேன்.

"சரிங்க, நான் போய்க்கறேன்," என்று அவன் வாசலை நோக்கித் திரும்பினான். பல் டாக்டர் நகரவில்லை. "வழி விடுங்க டாக்டர்," என்றான். முதல்முறையாக அவன் குரல் கெட்டியானது.

என்ன சொல்ல வேண்டும் என்று நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்தது அதுதான்.

"எனக்குப் பயமா இருக்குது கண்ணு."

அவன் நின்றான்.

"கையப் பாரு, நடுங்குது. அவரு எனக்குப் பின்னால நிக்கறாருன்னு நீ சொன்னதுல இருந்து நடுங்குது. எனக்கு நெஞ்சு படபடங்குது. ஆஸ்பத்திரிக்குப் போகோணும். தனியாப் போகப் பயமா இருக்குது."

பொய் எதுவும் சொல்லவில்லை. அவன் திரும்பி வந்து என் கையைப் பார்த்தான். முகம் மாறியது. தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் என் கண்ணுக்கு இறங்கி வந்தன.

"பயப்படாதீங்கக்கா. அவரு நல்லவருங்க, ஒண்ணும் பண்ண மாட்டாரு." கொஞ்ச நேரம் தலை சாய்த்து எதையோ கேட்டான். உதடுகள் அசைந்தன. வாதாடுகிறான் என்று பட்டது. பிறகு, "நான் தொணைக்கு வாரேன். உங்கள விட்டுப்போட்டு அப்பறம் பவானி போய்க்கறேன்," என்றான்.

என் காரைப் பல் டாக்டர் ஓட்டினாள். நான் அவள் பக்கத்தில், பாயும் தம்பியும் பின்னால். பின்கதவுகளில் குழந்தைகளுக்கான பூட்டு போட்டிருக்கிறதா என்று பாய் இரண்டு தரம் சரிபார்த்தார். பூட்டு விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. வழியில் ஒரு குளத்தை ஒட்டிப் போக வேண்டும். வேறு வழியாகப் போயிருக்கலாம், பதற்றத்தில் தோன்றவில்லை. ஆகாயத்தாமரைக்கு நடுவே நிறைந்த தண்ணீர் பளபளத்தது. தம்பி ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டான். கை கதவின் கைப்பிடியைத் தேடியது.

"பாய், தண்ணி கூப்புடுதுங்க."

"கூப்புடட்டும் தம்பி. இங்க பாருங்க, ஒரு சந்தேகம். கோபியில உங்கூட்டு நெலக்கதவு எத்தன கனம்? ஒத்தக் கதவா, ரெட்டையா?"

"ரெட்டைங்க."

"அப்ப பித்தளக் கீல் தாங்காது. இரும்புதான் போடோணும். எத்தன கீல் போட்டிருக்குது? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, சரி. நடுவுல?"

பாய் நிறுத்தவே இல்லை. கீலிலிருந்து தாழ்ப்பாளுக்கு, தாழ்ப்பாளிலிருந்து நாதாங்கிக்கு, நாதாங்கியிலிருந்து மழையில் ஊதிப்போகும் வேப்ப மரக் கதவுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் தம்பி யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். பேசிக்கொண்டே பாய் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவருடைய சட்டைக் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது.

மருத்துவமனையில் அந்த மனநல மருத்துவர் எங்களுக்காகக் காத்திருந்தார். என்னைவிட இளையவர், நிதானமான பெண். முதலில் என்னைத்தான் உட்காரச் சொல்லி நாடி பார்த்தார். தம்பி பக்கத்தில் நின்று, "பயந்துட்டாங்க டாக்டர், ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க," என்றான். பிறகு அவர் அவனிடம், "நீங்க தூங்கி எத்தனை நாளாச்சுங்க?" என்று கேட்டார். அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். "ரொம்பச் சத்தமா இருக்குதுங்க," என்றான். "ஒரு நிமிசம்கூட நிறுத்த மாட்டேங்கறாங்க." அதுவரை ஒருவர் என்றுதான் சொல்லி வந்தான். பலர் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவன் அக்காவும் அப்பாவும் வடவள்ளிக்கு வந்து, அங்கிருந்து மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"அந்த வெளையாட்டு உங்க ஊட்லதானுங்களா?"

"ஆமாங்க."

"எந்தம்பியை என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?"

பாய் குறுக்கே பேச வந்தார், நான் கையைக் காட்டித் தடுத்துவிட்டேன்.

அப்பா சண்டை போடவில்லை. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வெயிலில் கறுத்த முகம். மருத்துவர் அறையில் நாங்கள் எல்லோரும் இருந்தபோது அவர்தான் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. பேசறது எங்க கருப்பராயனுங்க. எங்க பங்காளி ஒருத்தருக்கு வருசா வருசம் கோயில் நோம்பிக்கு எறங்குவாரு. இப்ப எம்பையனுக்கு எறங்கியிருக்கறாரு. இதுக்குப் போய் ஊசி போடறதுங்களா? சாமி குத்தமாயிருமுங்க."

நான் அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தேன். இல்லை, இது நோய்தான் என்று மருத்துவர் சொன்னால் அவர் மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று பட்டது. மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை.

"உங்க பங்காளிக்குச் சாமி வந்தா, ஆடி முடிச்சதும் என்ன ஆகுமுங்க?"

"மலையேறிருமுங்க. தண்ணி தெளிச்சு, திருநீறு பூசினா நெனவு வந்துரும்."

"அப்பறம்?"

"அப்பறமென்னங்க, ஊட்டுக்குப் போயிச் சோறு திம்பாரு. படுத்துத் தூங்குவாரு. அடுத்த நாள் காட்டு வேலைக்குப் போயிருவாரு."

"உங்க பையனுக்கு மலையேறலீங்களே," என்றார் மருத்துவர். "வாரக்கணக்கா அப்படியேதான் இருக்காரு. சோறு இல்லை, தூக்கம் இல்லை. இன்னைக்கு ஆத்துல எறங்கறதுக்குக் கெளம்பியிருக்காரு. உங்க கருப்பராயன் புள்ளையக் காக்கற சாமிங்களா, ஆத்துல தள்ளற சாமிங்களா?"

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், திரும்ப மடித்துத் தோளில் போட்டார். "காக்கற சாமிதானுங்க," என்றார். பிறகு மகளைப் பார்க்காமலேயே, "இவிங்கம்மா கூடப் பொறந்தவன் ஒருத்தன் இப்படித்தான் இருந்தான். கெணத்துல போயிட்டான். நாங்க யாருகிட்டயும் சொல்றதில்லீங்க," என்றார். அக்கா அதிர்ந்து அப்பாவைப் பார்த்தார். தாய்மாமன் வழுக்கி விழுந்தார் என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது போல. பெரியவர், "எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?" என்று கேட்டார்.

விளையாட்டினால் வந்ததா என்று மருத்துவரிடம் நான் தனியாகக் கேட்டேன். இல்லை என்றார். நோய் வரும்போது பக்கத்தில் இருக்கும் எதையாவது எடுத்து உடுத்திக்கொள்ளும், கதை இல்லாவிட்டால் கைப்பேசி கோபுரமோ போலீசோ ஆகியிருக்கும் என்றார். கொஞ்ச நாளைக்குத் தம்பி விளையாட்டுப் பக்கம் வர வேண்டாம் என்றும் சொன்னார். அந்த ஆறுதல் வீடு வரை தாங்கியது. வீட்டில் அந்தக் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்ததும் போய்விட்டது.

பல மாதங்கள் நாங்கள் விளையாடவில்லை. ஞாயிறானால் பாய் மட்டும் வர்க்கியோடு வந்துவிடுவார். மூவரும் டீ குடித்துவிட்டு, அவனைக் கூட்டிப்போன கோபியிலிருந்து என்ன செய்தி என்று பேசுவோம். முதலில் கொடுத்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றினார்கள். நாள் முழுக்கத் தூங்குகிறான் என்றார்கள். அப்புறம் சாப்பிடுகிறான் என்றார்கள். அப்பாவோடு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறான் என்றார்கள். ஒருநாள் அவனே கூப்பிட்டான். நாக்கு கொஞ்சம் குழறியது. "அக்கா, நல்லா இருக்கறீங்களா? அன்னைக்கு ரொம்பப் பயந்துட்டீங்க," என்றான்.

பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு வேலையில் சேர்ந்து, அக்கா வீட்டில் தங்கிக்கொண்டான். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, ஒரு ஞாயிறு அக்காவே அவனைக் காரில் அழைத்து வந்தார். உடம்பு போட்டிருந்தான். தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும் கையில் மருந்தினால் வந்த சிறு நடுக்கம். விளையாடணும் என்றான். நான் பல் டாக்டரைப் பார்த்தேன், அவள் பாயைப் பார்த்தாள். அக்கா நாற்காலியை இழுத்து மேசையோரமாகப் போட்டுக்கொண்டார். "நான் இங்கயேதான் இருப்பேன்," என்றார்.

புத்தி எண் விதியையே தூக்கிவிட்டேன் என்று அவனிடம் சொன்னேன். ஆடு மாதிரிக் கத்துவதெல்லாம் இனி இல்லை என்றேன்.

"ஏனுங்க தூக்குனீங்க? இருக்கட்டுங்க," என்றான். "ஆனா அது கொறைஞ்சுட்டே போகுதுங்களே, அதுதான் தப்பு. திரும்ப ஏர்றதுக்கும் வழி வையுங்க. தூங்குனா ஏறோணும். கூட யாராச்சும் உக்காந்திருந்தா ஏறோணும். எனக்கு ஏறியிருக்குதுங்களே."

விதியை மாற்றினோம். எல்லைக்காரர் வரும் இடத்தை நான் தள்ளிப் போட்டுக்கொண்டே போனேன். அதற்கும் அவனே ஒரு ஏற்பாடு சொன்னான். சந்தேகம் வந்தால் நிறுத்திக் கேட்பான், நான் விளையாட்டை விட்டு வெளியே வந்து சொந்தக் குரலில் பதில் சொல்ல வேண்டும். அப்படித்தான் இன்றுவரை நடக்கிறது. கதை சூடாகப் போய்க்கொண்டிருக்கும்போது அவன் கையைத் தூக்குவான். "அக்கா, இப்ப பேசுனது நீங்கதானுங்களா?" "நான்தான் கண்ணு," என்பேன். "அப்பச் சரிங்க," என்று தலையாட்டுவான். ஆட்டம் தொடரும். அக்காவும் இப்போது விளையாடுகிறார். அவருடைய பாத்திரம் ஒரு வண்டிக்காரி, எந்தக் குகைக்குள்ளும் நுழைய மாட்டாள். மாடுகளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டு வெளியிலேயே நின்றுவிடுவாள்.

போன கோடையில் ஒருநாள் பாய் பகடையை உருட்டி, எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும். தம்பி கையைத் தூக்கினான்.

"அக்கா, இப்ப பேசுனது நீங்கதானுங்களா?"

நான் பேசவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"இல்ல கண்ணு. யாரும் பேசல."

அவன் கொஞ்ச நேரம் மேசையையே பார்த்தான். பிறகு தன் பென்சிலைப் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினான்.

"டாக்டரப் பாக்கோணுங்க," என்று அக்காவிடம் சொன்னான். "வண்டிய எடுங்க."

மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். மூன்று வாரம் அவன் வரவில்லை, நாங்களும் ஆடவில்லை. நான்காவது ஞாயிறு அக்காவும் தம்பியும் வந்தார்கள். கார் நிறைய வாழைத்தார், அப்பா கொடுத்துவிட்டாராம். எங்கள் குடியிருப்பு முழுக்கக் கொடுத்தும் மிச்சமிருந்தது. பாய் கடைக்கு இரண்டு சீப்பு எடுத்துக்கொண்டு போனார்.